மதுரையில் வாடகை வீடு பார்ப்பது எப்படி: குழாயைத் திறப்பதில் தொடங்கி அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது வரை

"தண்ணிப் பிரச்சினையே கிடையாது தம்பி" என்றார் வீட்டுக்காரர். விளாங்குடிப் பக்கம் ஒரு மாடி வீடு. நல்ல காற்று, புது டைல்ஸ், வாடகை 8,500. சமையலறைக் குழாயைத் திறந்தேன். இரண்டு தடவை இருமியது, அப்புறம் வெறும் காற்று. "மோட்டார் போடல, அதான்" என்றார். சரி, மோட்டார் சுவிட்ச் எங்கே? கீழே, அவர் வீட்டுக்குள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவரே போட்டுவிடுவாராம். நீங்கள் ஊருக்குப் போனால்? "நாங்க எங்கயும் போறதில்ல தம்பி."

இறங்கி வரும்போது எதிர்வீட்டு வாசலில் குடங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "மாடிக்கு வர்றவுக நாலு மாசத்துக்கு மேல இருந்ததில்லண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதும்.

பதினோரு வருஷத்தில் மதுரைக்குள்ளேயே நாலு வீடு மாறியவன் நான். சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்குமாகப் பார்த்துக் கொடுத்தது அதைவிட அதிகம். வாடகை எவ்வளவு என்பதைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். 9,000 வாடகை வீட்டில் லாரித் தண்ணீர், ஏசி கரண்டு, பெட்ரோல் மூன்றும் சேர்ந்தால் 12,000 வீட்டைவிட அதிகமாக இழுக்கும். அந்தக் கணக்கைக் குடிபோகும் முன்பே போடுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

1. எந்தக் கரை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வைகையின் வடகரையில் கோரிப்பாளையம், செல்லூர், தல்லாகுளம், நரிமேடு, சொக்கிகுளம், அண்ணா நகர், கே.கே.நகர், மாட்டுத்தாவணி, அப்பால் அய்யர் பங்களா, மூன்றுமாவடி, ஒத்தக்கடை. தென்கரையில் கோயிலும் மாசி வீதிகளும் பெரியார் பேருந்து நிலையமும், அவற்றைச் சுற்றி எஸ்.எஸ்.காலனி, எல்லீஸ் நகர், பழங்காநத்தம், ஜெய்ஹிந்த்புரம், வில்லாபுரம், அவனியாபுரம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர். வேலை ஒரு கரையிலும் வீடு மறு கரையிலும் என்றால் தினமும் இரண்டு தடவை பாலம் ஏற வேண்டும். காலை 9 மணிக்குக் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆட்சியர் அலுவலகம், ராஜாஜி மருத்துவமனை இரண்டும் வடகரை. உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் ஒத்தக்கடை அருகே உலகநேரியில். எல்காட் ஐ.டி. பூங்கா இரண்டு: ஒன்று வடகிழக்கில் இலந்தைக்குளம், இன்னொன்று நேர் எதிர்த்திசையில், தேனி சாலையில் வடபழஞ்சி. "மதுரை ஐ.டி. பார்க்கில் வேலை" என்று ஒருவர் சொன்னால் எந்தப் பூங்கா என்று கேட்காமல் வீடு தேடக் கூடாது. என் மச்சினன் அப்படித்தான் ஒத்தக்கடையில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வடபழஞ்சிக்கு ஓடினான். போய்வர நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. பைக்குக்குத் தினமும் ஒரு லிட்டர், மாதம் 25 நாளுக்கு 2,500 ரூபாய். நாகமலை புதுக்கோட்டையில் 2,000 ரூபாய் கூடக் கொடுத்து ஒரு வீடு எடுத்திருந்தால் பணமும் மிச்சம், முதுகும் மிச்சம்.

வீட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால் டவுன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஷேர் ஆட்டோவில் போய்வருகிற செலவோடு ஒப்பிட்டால் மாதம் ஆயிரத்துக்கு மேல் கையில் நிற்கும். ஆனால் அந்த பஸ் உங்கள் நிறுத்தத்துக்கு மணிக்கு எத்தனை தடவை வருகிறது என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலை 8.45-க்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அலுவலகம் வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு பார்த்துவிட்டு "பத்தே நிமிஷம்தான்" என்று முடிவெடுப்பவர்கள்தான் பிற்பாடு புலம்புகிறார்கள்.

இன்னொன்று, திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை திட்டமிட்ட மெட்ரோவைச் சொல்லி வாடகையை ஏற்றுகிறவர்கள் உண்டு. வராத ரயிலுக்கு இன்றைக்கே டிக்கெட் எடுக்காதீர்கள்.

2. பேட்டைக்குப் பேட்டை வாடகை

இது அரசுக் கணக்கு கிடையாது. நானும் நண்பர்களும் சமீபத்தில் ஏறி இறங்கிக் கேட்ட தொகைகள். தெருவுக்குத் தெரு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் குறைய இருக்கும்.

சிங்கிள் பெட்ரூம் வீடு ஜெய்ஹிந்த்புரம், வில்லாபுரம், செல்லூர், அனுப்பானடிப் பக்கங்களில் 5,000 முதல் 7,500 வரை. அதே வீடு அண்ணா நகர், எஸ்.எஸ்.காலனியில் 8,000-க்கு மேல். டபுள் பெட்ரூம் என்றால் அவனியாபுரம், திருநகர், விளாங்குடி, கோசாகுளம் பக்கம் 8,000 முதல் 12,000. கே.கே.நகர், சொக்கிகுளம், அண்ணா நகரில் 13,000-த்தில் தொடங்கி, லிஃப்ட், கார் நிறுத்தம், ஜெனரேட்டர் எல்லாம் உள்ள அபார்ட்மெண்டாக இருந்தால் 20,000 தாண்டும். அபார்ட்மெண்டில் பராமரிப்புத் தொகை தனி. 1,000 முதல் 2,500 வரை கேட்கிறார்கள். அது வாடகையில் அடக்கமா என்று முதல் போன் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

வெளி வீதிகளுக்கு உள்ளே, பழைய நகரத்தில், இன்னமும் வளவு வீடுகள் உண்டு. ஒரு வாசல், நடுவில் பொது முற்றம், சுற்றிலும் ஆறேழு குடும்பம், பொதுக் குழாய், சில இடங்களில் பொதுக் கழிப்பறை. வாடகை 3,500-க்கும் 4,500-க்கும் கூடக் கிடைக்கும். பூக்கடை, நகைப்பட்டறை, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர்கள் ராத்திரி 11 மணிக்கு நடந்தே வீடு சேர்ந்துவிடலாம் என்பதால் அங்கே இருக்கிறார்கள். அந்தரங்கம் குறைவு. ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டிய ராத்திரியில் வளவுக்கு ஈடு எந்த அபார்ட்மெண்டும் கிடையாது. பைக்கே வாசலில்தான் நிற்கும், கார் வைத்திருப்பவர்கள் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

திருவிழாவையும் கணக்கில் சேருங்கள். சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி எடுக்க முடியாது. அழகர் வரும்போது மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வழியாக ஆற்றுக்கரை வரை அதே கதை. பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் சன்னிதித் தெருவைத் தாண்டி ஆபீஸ் போவது ஒரு விரதம் மாதிரி. எனக்கு இதெல்லாம் பிடிக்கும். வீட்டில் நோயாளி இருந்தால் மட்டும் யோசிப்பேன்.

3. ஆடியில் பாருங்கள், ஆவணியில் குடிபோங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியான வீடு காலியாகவே கிடக்கும், வீட்டுக்காரருக்குக் கை அரிக்கும். மே மாதத்தில் பள்ளிக்கூட மாற்றத்துக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் தேடும்போது பேரம் நடக்காது. ஆடி முதல் வாரத்தில் பார்த்து, கொஞ்சம் முன்பணம் கொடுத்து, ஆவணி 1-ல் பால் காய்ச்சுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். என் மூன்றாவது வீட்டில் 10,500 என்றவர் 9,500-க்கு இறங்கினார், அடுப்படிக்கு அலமாரிக் கதவும் போட்டுக் கொடுத்தார். ஆனால் ஆடி மாத வாடகை கிடையாது என்பதை அப்போதே பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு" என்பார்கள்.

ஆடியில் பார்ப்பதில் ஒரு நஷ்டம் உண்டு: வெயிலும் மழையும் உச்சத்தில் இருக்காது, வீட்டின் குறை தெரியாது. அதற்கு வழி கீழே சொல்கிறேன்.

4. தேடுவது

நடந்து தேடுவதுதான் இன்னமும் பலன் தருகிறது. டூ-லெட் பலகை, டீக்கடை, இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடை. ஒரு தெருவில் எந்த வீடு காலி, எந்த வீட்டுக்காரர் எப்படி என்பது இஸ்திரிக்காரருக்குத் தெரிகிற மாதிரி செயலிக்குத் தெரியாது. புரோக்கர் வழியாகப் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷன், பேசினால் பாதிக்கு வருவார்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே 500, 1000 கேட்பவரிடம் போகாதீர்கள். படத்தை மட்டும் அனுப்பி "டோக்கன் போடுங்க, மத்தவங்க வர்றாங்க" என்கிறவரும் அதே ரகம்தான்.

5. வீட்டுக்குள் போனால் எதைப் பார்ப்பது

பெயிண்டையும் டைல்ஸையும் பார்க்காதீர்கள், அவை உங்களுக்காகவே போட்டவை. முதலில் தண்ணீர்.

மதுரையில் ஒரு வீட்டுக்கு மூன்று தண்ணீர் உண்டு. மாநகராட்சிக் குழாயில் வருகிற நல்ல தண்ணீர், போரில் வருகிற உப்புத் தண்ணீர், கடையில் வாங்குகிற கேன் தண்ணீர். மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? வீட்டுக்குள் இணைப்பு உண்டா, தெருக்குழாயா? தொட்டியில் பிடிக்கிறார்களா, குடத்திலா? தொட்டி உங்களுக்குத் தனியா, எல்லோருக்கும் சேர்த்தா? வைகை அணைத் தண்ணீரோடு, லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரையும் குழாயில் கொண்டுவரும் திட்டம் வந்த பிறகு "புதுக் குழாய் போட்டாச்சு" என்று பெருமையாகக் காட்டுவார்கள். குழாய் இருக்கிறது என்பதும் அதில் தண்ணீர் வருகிறது என்பதும் வேறு வேறு சங்கதி. பக்கத்து வீட்டில் கேளுங்கள், பெண்களிடம் கேளுங்கள். விடியக்காலை 4 மணிக்கு எழுந்து பிடிக்கிறவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

உப்புத் தண்ணீரைச் சோதிக்கக் குளியலறைக் குழாயின் மூக்கைப் பாருங்கள். வெள்ளையாகப் படை கட்டியிருந்தால் உங்கள் வாஷிங் மிஷினுக்கும் கெய்சருக்கும் அதே கதிதான். உள்ளங்கையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள், நுரையே வராவிட்டால் துணி சோப்புச் செலவு இரட்டிப்பாகும். கோடையில் போர் வற்றுமா, வற்றினால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது? இதற்குப் பதிலை வாயால் வாங்காமல் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து வெயில். என் முதல் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த படுக்கையறை. தை மாதத்தில் பார்த்தபோது சொர்க்கம். சித்திரையில் சாயங்காலம் 4 மணிக்குக் குழாயைத் திறந்தால் கால் கழுவ முடியாத வெந்நீர். ராத்திரி 11 மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல். ஏசி வாங்கினோம், கரண்டு பில் எகிறியது, அடுத்த தையில் காலி செய்தோம். வாடகை 1,500 குறைவு என்று சந்தோஷப்பட்ட வீடு அது.

அதனால் எந்த மாதமானாலும் பிற்பகல் 3 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் ஒரு தடவை போய்ப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் கை வையுங்கள். மொட்டை மாடிக்கு ஏறி, கூலிங் டைல்ஸ் பதித்திருக்கிறார்களா, வெறும் சிமெண்டா என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி கறுப்பு பிளாஸ்டிக்காக வெட்டவெளியில் நிற்கிறதா? மேலே இன்னொரு மாடி இருக்கிற வீட்டுக்கு 1,000 ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுப்பேன்.

மழைக்கு, ஊர்ப் பேரையே வாசியுங்கள். தல்லாகுளம், பீ.பீ.குளம், சொக்கிகுளம், இலந்தைக்குளம், உலகநேரி என்று குளமும் ஏரியும் பேரில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் இது. கண்மாய் போன இடத்தைத் தண்ணீர் மறப்பதில்லை. 2024 அக்டோபரில் ஒரு மாலை மழைக்கே பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி செல்லூர்த் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பகுதிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரே தெருவில் மேட்டு வீடும் பள்ள வீடும் உண்டு. காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மங்கலான கோடு தெரிகிறதா, வாசல்படி ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டதா என்று பார்த்தால் போதும்.

புறநகராக இருந்தால் பாதாளச் சாக்கடை உண்டா என்று கேளுங்கள். 2011-ல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது சேர்ந்த பகுதிகள் இதில் பின்தங்கித்தான் இருந்தன. செப்டிக் டேங்க் என்றால் எப்போது கடைசியாக எடுத்தார்கள், அடுத்த லாரிக்கு யார் காசு என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். டேங்க் நிரம்பி வழிகிற அன்று அதைவிடக் கூச்சமாக இருக்கும்.

கரண்டுக்கு ஒரே கேள்விதான்: உங்கள் வீட்டுக்கென்று தனி சர்வீஸா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்தே பிரித்துக் கொடுத்த சப்-மீட்டரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடும். தனி இணைப்பாக இருந்தால் இந்த 100 யூனிட் உங்களுக்கு. வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே சர்வீஸில் ஆளுக்கு 300 யூனிட் எரித்தால் மீட்டர் 600 காட்டும், இருவருமே உயர்ந்த விலைக்குப் போவீர்கள். அவர் பங்கையும் சேர்த்து "யூனிட்டுக்கு 9 ரூபாய், 10 ரூபாய்" என்று உங்களிடம் வசூலிப்பவர்கள் நிறைய. ஏசி வைத்திருக்கும் குடும்பம் சப்-மீட்டர் வீட்டுக்குப் போகவே வேண்டாம் என்பேன்.

சத்தத்தையும் பார்த்துவிடுங்கள். கல்யாண மண்டபம், முளைப்பாரி எடுக்கிற அம்மன் கோயில், ராத்திரி 1 மணி வரை கல் சூடாக இருக்கிற புரோட்டாக் கடை. தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊரில் தூங்க ஆசைப்படுகிறவர் ராத்திரியில் ஒரு நடை அந்தத் தெருவுக்குப் போய்வர வேண்டும்.

6. அட்வான்ஸும் ஒத்தியும்

மதுரையில் அட்வான்ஸ் ஐந்து மாத வாடகையில் தொடங்கிப் பத்து மாதம் வரை போகிறது. 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்ற சந்தில்தான் பத்து மாதமும் நுழைந்துவிடுகிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது. "மூணு மாசம்னு சட்டம் சொல்லுது, நான் அஞ்சு தர்றேன்" என்று பேசிப் பார்த்தால் சிலர் இறங்குகிறார்கள்.

எந்தத் தொகையானாலும் வங்கி வழியாகக் கொடுங்கள். கையில்தான் வேண்டும் என்றால் ரசீது வாங்குங்கள்.

ஒத்தி நம் பக்கத்து வழக்கம். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து லட்சம் ஒத்தி, அதே வீட்டுக்கு வாடகை 7,000 என்று வையுங்கள். உங்கள் ஐந்து லட்சம் 7 சதவீத வட்டியில் வங்கியில் கிடந்திருந்தால் மாதம் சுமார் 2,900 வந்திருக்கும். அதை விட்டுவிட்டு 7,000 வாடகையை மிச்சப்படுத்துகிறீர்கள், லாபம்தான். 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கிக் கொடுத்தால் மாத வட்டி 5,000, அப்போதும் பரவாயில்லை. ஆனால் இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய்க்கு வாங்கி ஒத்திக்குப் போனால் மாதம் 10,000 வட்டி கட்டி 7,000 ரூபாய் வீட்டில் இருப்பீர்கள். இதைச் செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "வாடகை இல்லாத வீடு" என்ற சொல் அப்படி மயக்கிவிடுகிறது.

லாபத்தைவிடப் பெரிய கேள்வி, அசல் திரும்பி வருமா? ஒத்திக்கு விடுகிற பலர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்கோ இன்னொரு கடனை அடைக்கவோ எடுத்திருப்பார்கள். நீங்கள் காலி செய்தால் அடுத்த ஒத்திக்காரர் கொடுத்தால்தான் உங்களுக்குப் பணம். அதனால் முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா, ஏற்கெனவே ஒத்தி ஓடுகிறதா என்பது தெரியும். பத்திரத்தில் பேர் யாருக்கு இருக்கிறது, அண்ணன் தம்பி பங்கு உண்டா என்றும் பாருங்கள். அப்புறம் ஒத்தியைப் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத முத்திரைத் தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு ஐந்து லட்சத்தைக் கொடுப்பது கைமாற்றுக் கொடுப்பதற்குச் சமம். சட்டப்படி 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி அடமானமே பதிவில்லாமல் செல்லாது. பதிவுச் செலவுக்குப் பயந்து வீட்டுக்காரர் மறுத்தால், அந்தச் செலவை நானே ஏற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் காரணம் செலவாக இருக்காது.

7. ஒப்பந்தம்

மேலே சொன்ன சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. பதிந்தால் ஒரு எண் கொடுப்பார்கள், தகராறு வந்தால் கைகொடுப்பது அதுதான். நடைமுறையில் இன்னமும் பலர் 11 மாதத்துக்கு முத்திரைத் தாளில் எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

எழுதும்போது நான்கு வரி கட்டாயம் இருக்கட்டும்: வருஷத்துக்கு எத்தனை சதவீத வாடகை உயர்வு, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, லாரித் தண்ணீருக்கும் செப்டிக் டேங்க்குக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் யார் பொறுப்பு, வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள். கடைசி வரி இல்லாவிட்டால் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கு என்று எடுத்துக்கொள்வார்கள், ஒரே வருஷம் குடியிருந்தாலும்.

சம்பளத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்பவராக இருந்தால், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். மார்ச் மாதத்தில் போய்க் கேட்டால் முகம் மாறும். முன்பே பேசுங்கள்.

அவர்களும் உங்களிடம் கேட்பார்கள். சைவமா அசைவமா, எந்த ஊர், எந்த ஆட்கள், கல்யாணம் ஆச்சா. சாதியையும் மதத்தையும் சுற்றி வளைத்துக் கேட்பது இந்த ஊரில் இன்னும் போகவில்லை. தனியாக வேலை பார்க்கும் பெண்களுக்கும் இஸ்லாமிய நண்பர்களுக்கும் "வீடு குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுக்காமல் இருந்த வீட்டு வாசலில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே பொய் சொல்லிக் குடிபோனால் தினமும் பயந்துகொண்டே மீன் வறுக்க வேண்டும். விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவது நல்லது.

8. மாதச் செலவு

கணவன், மனைவி, ஒரு பிள்ளை. எங்கள் வீட்டு நோட்டிலிருந்து, கோடை அல்லாத ஒரு மாதம்:

வாடகை 11,000. பராமரிப்பு 500. கரண்டு, இரண்டு மாத பில்லில் பாதி, 1,100. கேன் தண்ணீர் 12, தலா 35 வீதம் 420. கேஸ் சிலிண்டர் ஒன்றரை மாதம் வருவதால் மாதத்துக்கு 700. ஆவின் பச்சைப் பாக்கெட் தினம் ஒரு லிட்டர், 1,320. மளிகை 6,000. காய்கறி, பழம் 2,500. கறி, மீன், முட்டை 2,400. பெட்ரோல் 2,500. போன், இன்டர்நெட் 1,100. கூட்டினால் 29,540. பள்ளிக் கட்டணம், மருந்து, மொய் இதில் இல்லை. வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் மொய் மட்டும் தனி பட்ஜெட் கேட்கும்.

இதில் குறைக்க முடிந்தது காய்கறிதான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் அண்ணா நகரில்தான் திறந்தது. சொக்கிகுளத்திலும் பழங்காநத்தத்திலும் உண்டு. காலை 7 மணிக்குள் போனால் கீரை வாடாமல் கிடைக்கும், தெருக்கடையைவிட விலையும் குறைவு. உழவர் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு என்பதை நான் ஒரு வசதியாகவே எண்ணுவேன். தனியாக இருப்பவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு மெஸ்ஸில் 80 முதல் 120. மாதக் கணக்கு வைத்தால் குறைத்துப் போடுவார்கள். அம்மா உணவக இட்லி இன்னும் ஒரு ரூபாய்தான்.

ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய பேட்டைக் கடைக்கு அரிசி வாங்க டவுன் பஸ்ஸில் போகிற குடும்பங்கள் எத்தனையோ.

9. குடிபோகிற அன்றும் காலி செய்கிற அன்றும்

பால் காய்ச்சுவதற்கு முன்னால் கரண்டு மீட்டரைப் படம் எடுங்கள். அப்புறம் சுவர் விரிசல், உடைந்த கண்ணாடி, கறை படிந்த வாஷ்பேசின் எல்லாவற்றையும் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "சும்மா தகவலுக்குண்ணே" என்று ஒரு வரி போதும், வருத்தப்பட மாட்டார்கள். பழைய குடித்தனக்காரரின் கரண்டு பாக்கி இருக்கிறதா என்று சர்வீஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கேட்டால் காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் விவரப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காலி செய்யும்போது முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பாவது. ஒருமுறை நான் வாயால் மட்டும் சொன்னேன். "நீங்க சொல்லவே இல்லையே" என்று இரண்டு மாத வாடகையைப் பிடித்தார் அந்த வீட்டுக்காரர், மீதியைத் தர ஐந்து மாதம் இழுத்தார். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி கழித்து அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். ஆனால் சாவி கைமாறிய பிறகு சட்டத்தைத் தேடி நாம்தான் அலைய வேண்டும். அதனால் சாமான் ஏற்றுகிற நாளையும் சாவி கொடுக்கிற நாளையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வண்டியை அனுப்பிவிட்டு, மறுநாள் காலை வெறும் வீட்டில் வீட்டுக்காரரோடு ஒரு சுற்றுச் சுற்றி, மீட்டரைப் பார்த்து, கணக்கை அங்கேயே நோட்டில் எழுதி, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய சத்தம் போனில் கேட்டதும் சாவியை நீட்டுங்கள்.